கச்சான் கொழுந்து

ஆகஸ்டு மாதத்துப் பூனாகலைத் தேயிலையைப் பிளேன்டீயாகத்தான் குடிக்க வேண்டும். பால் விட்டால் பாதி போய்விடும். உதட்டில் படுமுன்னே ஆவியோடு ஒரு மணம் ஏறுகிறது: கொஞ்சம் பூவாசம், அதன் பின்னால் மூக்கின் அடியைத் தொடும் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிதான் பூனாகலை இருக்கும் ஊவாவின் அடையாளம். அதைத் தரும் பொருளின் பெயர் மெத்தில் சாலிசிலேட்.

கிள்ளிய கொழுந்தைக் கசக்காமல் முகர்ந்து பாருங்கள். பச்சை வாசம் தவிர ஒன்றும் இராது. இலை தன் மணத்தைச் சர்க்கரையோடு பிணைத்து, உயிரணுவுக்குள் ஒரு பையில் வைத்திருக்கிறது. கட்டிப்போட்ட மணம் மணக்காது. கட்டை அவிழ்க்கும் நொதியோ வெளியே, அணுச்சுவரில். புழு கடித்தால் சுவர் உடையும், இரண்டும் கலக்கும், மணம் கிளம்பும். தேயிலை ஸ்டோரில் ரோலர் அரைக்கும்போதும் நடப்பது அதுவேதான். ரோலருக்கும் புழுவுக்கும் இலை வித்தியாசம் பார்ப்பதில்லை.

இலை மணப்பது நமக்காக அல்ல. செடிகள் விடும் மெத்தில் சாலிசிலேட்டை மோப்பம் பிடித்து, இலைதின்னிகளைத் தின்னும் பூச்சிகள் வந்து சேரும். பக்கத்து இலையும் அதை வாங்கி, சாலிசிலிக் அமிலமாக மாற்றி, நோய்க்கிருமிக்கு எதிராகத் தயாராகும். புகையிலைச் செடியில் இதை 1997இல் கண்டார்கள்.

தைவானில் பச்சைத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில் தேன்மணம் ஊறுகிறது என்று, அந்தப் பூச்சிக்கு மருந்தடிக்காமல் விடுகிறார்கள். ஊவாவில் அந்த வேலையைக் காற்று பார்க்கிறது. மழையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு மலை தாண்டி வரும் கச்சான் காற்று, ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்தை உலர்த்துகிறது. செடி தவிக்கிறது, கொழுந்து மெதுவாக விடுகிறது, மணம் இறுகுகிறது. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்ப் பூஞ்சைக்கு இலைமேல் ஈரம் வேண்டும். கச்சானில் அதுவும் அடங்கிக் கிடக்கும். நிறை குறைந்து, மணம் கூடும் பருவம் இது.

கோப்பையை இறக்கிவைத்த பிறகும் அந்தக் குளிர்ச்சி மூக்கில் நிற்கிறது. இதை எங்கோ முகர்ந்திருக்கிறோமே என்று தோன்றும். முகர்ந்திருக்கிறோம். மலையில் நாளெல்லாம் நின்று கொழுந்து பறித்த அம்மா, இரவில் லயத்துத் திண்ணையில் முழங்காலுக்குத் தேய்க்கும் சுளுக்குத் தைலத்திலும் இருப்பது இதே மெத்தில் சாலிசிலேட்தான்.