கனவைக் கலைக்கும் நண்பர்கள்

நட்சத்திர வழிபாட்டில் மூழ்கிய ரசிகனை அவன் நண்பர்களே கேலி செய்து, கண்டித்து, சில வேளை பேச்சை நிறுத்தி வெளியே இழுப்பது தமிழர் வாழும் இடமெல்லாம் காணப்படும் வழக்கம். மும்பையின் தாராவியில் இதற்குத் தனி அழுத்தம் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே ஒண்டி வாழ்பவன் திரை நாயகனுக்குச் செலவிடும் பணமும் நேரமும் கண்ணை உறுத்தும்.

இப்படிக் கனவைக் கலைப்பவர்கள் பக்கம் வலுவான வாதம் உண்டு. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம், ஏழைகளுக்குப் பயன்படாத ஆட்சியை ஏழைகளையே ஆதரிக்க வைத்தது என்று ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான நூலில் வாதிட்டார். மும்பையிலும் சான்று இருக்கிறது. கள்ளச்சாராயமும் கடத்தலும் நடத்திய வரதராஜ முதலியாரை மாட்டுங்கா கணபதிப் பந்தலின் புரவலராகவும் ஏழைத் தமிழரின் காவலராகவும் நினைவுகொள்வோர் உண்டு. அவர் வாழ்வின் சாயலில் 1987இல் வந்த ‘நாயகன்’ அந்த நினைவுக்கு மெருகேற்றியது. இங்கே கற்பனை குற்றத்தை மறைக்கிறது. உண்மையைச் சொல்லும் நண்பன் தேவை.

ஆனால் ரசிகன் கனவை நனவென்று நம்புகிறான் என்ற அனுமானம்தான் இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை. மதுரை நகர ஏழைகளிடையே ஆய்வு செய்த சாரா டிக்கி, ரசிகர் மன்றம் அதன் உறுப்பினர்களுக்குச் சமூக மதிப்பையும் பிறருக்கு உதவும் வாய்ப்பையும் தருவதைப் பதிவு செய்தார். ஊரை விட்டு வந்தவனுக்கு மன்றமே நட்பு வட்டம். கனவை விடு என்பது அவனுக்கு அந்த நண்பர்களையும் விடு என்றே கேட்கும். அதற்கு ஈடாகக் கலைப்பவர் எதையும் தருவதில்லை. தாம் தெளிந்தவர் என்ற திருப்தி மட்டும் அவருக்கு மிஞ்சுகிறது. கற்பனை எப்போதும் நிஜத்தை மறக்கடிப்பதும் இல்லை. பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) தாராவி நிலம் யாருக்கு என்ற கேள்வியை ரஜினி ரசிகர்களின் முன்பே வைத்தது.

வற்புறுத்தல் பலிக்குமா என்பது வேறு கேள்வி. கட்சி தொடங்கப்போவதில்லை என்று 2020 டிசம்பர் 29இல் ரஜினிகாந்தே அறிவித்தார். அடுத்த மாதமே ரசிகர்கள் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் திரண்டு முடிவை மாற்றச் சொன்னார்கள். 2021 ஜூலையில் தமது ரஜினி மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு, பழையபடி ரசிகர் நற்பணி மன்றமாக இயங்கும் என்றார் அவர். கனவின் நாயகனே சொல்லியும் கலையாதது, தெருமுனை நண்பனின் ஏளனத்துக்குக் கலைந்துவிடாது.

தலையிடும் உரிமையை அளக்க வேண்டியது கனவின் அளவை வைத்தல்ல, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை வைத்து. டிக்கெட்டுக்காக வட்டிக்கு வாங்குபவனின் வீட்டார், கட்-அவுட் மீது ஏறும் சிறுவன், நெரிசலில் சிக்கும் குழந்தை ஆகியோருக்காகத் தடுப்பது நியாயம். அப்போதும் தடுக்க வேண்டியது கடனையும் ஏறுவதையும்தான். படம் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவனிடம் நண்பனுக்கு அந்த அதிகாரம் இல்லை.