அழகர்மலையைக் காதால் படிக்க

மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோவிலைப் பற்றி இணையத்தில் தேடினால் வந்து விழுவது படங்கள்தான்: ஆற்றில் இறங்கும் அழகர், திரி எடுத்து ஆடுபவர்கள், பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய கதவு. பார்வையற்ற ஒருவருக்கு இவற்றில் கிடைப்பது ஒன்றுமில்லை. படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டால் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரையும் எண்ணையும் ஒப்பித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அவர் திருமாலிருஞ்சோலை என்னும் இந்த அழகர்மலைக்குள் நுழைய வேறொரு வாசல் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்பதிப்பாகத் தரும் மதுரைத் திட்டம் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்கள் 500ஐத் தாண்டிவிட்டன. அழகர்மலையைப் பாடும் பரிபாடல் அங்கே இருக்கிறது, ஆழ்வார்களின் பாசுரங்களும் இருக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டாம், காசு வேண்டாம். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். வடிவமைப்பாளர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் 2006இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு இதைவிட வசதியான பக்கம் அமைவது அரிது. அசையும் படம் இல்லை, பாதியில் வந்து மறிக்கும் விளம்பரப் பெட்டி இல்லை. மெதுவான இணைப்பிலும் திறக்கும்.

இந்த எளிமை எல்லாருக்குமான வசதியை நினைத்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. திட்டம் தொடங்கிய காலத்தில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவியிருக்கவில்லை. நூல்கள் தனி எழுத்துருக்களிலும், பிறகு டிஸ்கி குறியேற்றத்திலும் வந்தன. ‘கொ’ என்பதைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே டிஸ்கி சேமித்தது. எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். காதால் படிப்பவருக்கு எழுத்துரு என்ன செய்யும்? அடியில் கிடந்தவை ஐரோப்பிய எழுத்துகளின் இடங்கள். அவற்றையே ஸ்கிரீன் ரீடர் வாசித்தது. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அடுத்து. வாய் சொல்லும் வரிசை. பழைய கோப்புகளைத் தன்னார்வலர்கள் யூனிகோடுக்கு மாற்றிய வேலை எழுத்துருச் சிக்கலைத் தீர்த்ததாகவே பேசப்படுகிறது. பார்வையற்ற வாசகருக்கு நூலகக் கதவைத் திறந்ததும் அதே வேலைதான் என்பேன்.

கதவு திறந்தாலும் உள்ளே நடக்கத் தடங்கல்கள் உண்டு. அச்சுப் பதிப்பில் உள்ளபடியே ஐந்து அடிக்கு ஒருமுறை வரி எண் போடும் வழக்கம் சங்க நூல்களின் மின்பதிப்புகளிலும் தொடர்கிறது. கண் அதை ஓரமாக ஒதுக்கிவிடும். குரல் ஒதுக்காது: பாட்டின் நடுவே ‘பத்து’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போகும். நூலின் தொடக்கத்தில் நன்றியுரையும் உரிமைக் குறிப்பும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. இது ஆங்கிலம், இது தமிழ் என்று நிரலில் மொழியைக் குறிக்காவிட்டால் தமிழ்க் குரல் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும். பல நூறு பாடல்கள் ஒரே நீளமான பக்கத்தில் இருக்கும்போது, எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. தலைப்பு என்று குறியிட்டால்தான் ஒரு விசையை அழுத்தி அடுத்த பாடலுக்குத் தாவ முடியும். உழைப்பைக் கொடையாகப் பெறும் திட்டத்தின் பலவீனமும் இங்கேதான்: பல கைகள் பட்ட வேலையில் ஆளுக்கொரு பாணி தங்கிவிடுகிறது.

ஆனாலும் எடை போட்டால் தராசு மதுரைத் திட்டத்தின் பக்கமே சாய்கிறது. அழகாக ஸ்கேன் செய்து ஏற்றிய நூல்கள் பார்வைக்குப் பழம்பதிப்பின் மணத்தோடு இருக்கும். எழுத்துணரி ஓடாத கோப்பு என்றால் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத் தாள். எழுத்தாக இருப்பதில் உள்ள குறையை இன்றும் திருத்தலாம்: வரி எண்ணை மறைக்கலாம், தலைப்புக் குறி இடலாம். படமாக இருப்பதை முதலில் எழுத்தாக்க வேண்டும்.

சிக்கல் முற்றுவது எழுத்தில் அடங்காத கலைகளில். அழகர்கோவில் வசந்த மண்டபத்து விதானத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு தளம் அமைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ‘ராமாயண ஓவியம்’ என்றே விளக்கம் எழுதினால் விதிப்படி சரி, பயன் சுழி. எந்தக் காட்சி, யார் எந்தப் பக்கம் நிற்கிறார், கதை எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லக் கலை தெரிந்தவர் உட்கார வேண்டும். நிரலாளர் மட்டும் போதாது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்களும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. கதையை யார் சொல்வது என்பதைச் சட்டம் தீர்க்காது.

சித்திரைத் திருவிழாவில் பாடப்படும் அழகர் வர்ணிப்புக்கு நேர் எதிரான தேவை. ஆய்வாளர் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் எடுத்துக்கொண்ட இந்தப் பாடல்கள் காதுக்கானவை. ஒலிப்பதிவு பார்வையற்றவருக்குப் போதும், காது கேளாதவருக்குப் போதாது. பாடியவரின் சொற்களை அப்படியே எழுத்தாக்கித் தர வேண்டும். அச்சில் வந்த பாடத்தைக் கீழே ஒட்டிவைப்பது குறுக்குவழி: பாடகர் இடத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பாடுவார், ஒலி ஒன்றும் வரி ஒன்றுமாகப் போய்விடும்.