துலா எங்கை?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுதி நெறியாள்கை செய்த இருபது நிமிட நாடகம் நடந்துகொண்டிருந்தது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட தங்கள் காணிக்கு ஒரு குடும்பம் திரும்பி வருகிறது. வீடு இல்லை. சுவர் நின்ற இடத்தைத் தகப்பன் கயிறு பிடித்து அளக்கிறார். தாய் ஓரிடத்தில் போய் நின்று, "இஞ்சதான் அடுப்படி" என்கிறாள். நான்கு மாணவர்கள் கைகோத்து வட்டமாகக் குந்துகிறார்கள். அதுதான் கிணறு. தாய் அதற்குள் எட்டிப் பார்ப்பதோடு நாடகம் முடிந்தது.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. நடித்தவர்கள் வியர்வையோடு மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை பார்வையோரைப் பேச அழைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். "தம்பி, கிணறு நல்லா வந்திருக்கு. ஆனா துலா எங்கை? அது ஏறி இறங்கிற சத்தத்திலைதான் நாங்கள் விடிய எழும்பிறது." எழுதிய மாணவன் ஒரு கணம் திகைத்தான். துலா புழக்கத்தில் இருந்த காலத்தில் அவன் பிறந்திருக்கவில்லை. "விளங்குது ஐயா" என்று மட்டும் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்துச் சென்னையில் ஒரு சிறிய அரங்கம். ஒரே மாலையில் ஆறு குறுநாடகங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அவற்றில் ஒன்றை எழுதியவர் வேலைக்குப் போகும் இளம்பெண். அதுதான் அவருடைய முதல் நாடகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில், சாப்பாடு கொண்டுவந்த இளைஞனும் அங்கே குடியிருக்கும் அம்மாளும் மாட்டிக்கொள்கிறார்கள். "நீ ஏன்பா சர்வீஸ் லிஃப்ட்ல வரல?" என்பதில் பேச்சு தொடங்குகிறது. முதல் ஐந்து நிமிடம் அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்த இளைஞன் தண்ணீர் கேட்கிறான். அம்மாளின் கையில் பாட்டில் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், கொடுக்கவில்லை. நீண்ட மௌனம். அந்த மௌனத்திலும் சிலர் சிரித்தார்கள். விளக்கு அணைந்தது. அடுத்த நாடகத்துக்கான நாற்காலிகள் மேடைக்கு வந்துவிட்டன.

இடைவேளையில் எழுதியவரைச் சுற்றி நண்பர்கள் நின்றார்கள். "சூப்பரா இருந்துச்சு" என்றார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பாராட்டப் போனபோது அவர் கேட்டது ஒன்றைத்தான். "அந்த இடத்துல ஏன் சார் சிரிச்சாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்த மணி அடித்துவிட்டது.

இந்த இரண்டு மாலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இருவருமே நாடகம் எழுதத் தொடங்கியவர்கள், இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. ஒருவன் கையில் ஒரு விடையோடு வீட்டுக்குப் போனான். மற்றவர் ஒரு கேள்வியோடு போனார். ஏன் இப்படி?

ஒரு காரணம் பள்ளிக்கூடம். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பரீட்சைக்குரிய பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் மாணவர்கள் அதை எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மட்டத்திலும் கற்கிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் நாடகம் பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டத்துக்குப் போகிறது. நாடகத்தைப் பற்றிப் பேசத் தேவையான சொற்கள் ஒரு சாதாரண ஊர் மாணவியிடம் இருக்கின்றன. எழுத்துரு, நெறியாள்கை, ஆற்றுகை, உரைஞர், களப்பயிற்சி என்று அவள் இயல்பாகச் சொல்கிறாள். சென்னையில் இதே பொருள்களுக்கு நாங்கள் பிரதி, ஸ்க்ரிப்ட், டைரக்‌ஷன், ஷோ, ஒர்க்‌ஷாப் என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். சிறுபத்திரிகை வாசகரின் சொல் சபா ரசிகருக்குத் தெரியாது, கல்லூரி மாணவரின் சொல் இருவருக்கும் தெரியாது. பொதுவான சொற்கள் இல்லாத இடத்தில் 'சூப்பர்' மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த ஊர் மாணவியின் சொற்களுக்குப் பின்னால் பல காலத்து உழைப்பு இருக்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நான்கு நாடகங்கள் 1940இல் 'நானாடகம்' என்ற நூலாக வந்தன. வீட்டில் பேசும் தமிழே மேடைக்குப் போதும் என்ற நம்பிக்கையை அவை தந்தன. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் ஊர்களுக்காகவும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர் ஊராகப் போனது. போர் நெருக்கிய காலத்தில் சனங்கள் தங்கள் துயரத்தைக் கூடியிருந்து பார்க்கவும் பேசவும் நாடகம் இடம் தந்தது. ஆகவே நாடகம் முடிந்ததும் பேசுவது அங்கே உபசாரம் அல்ல. பேசி முடித்தால்தான் ஆற்றுகை முடிகிறது.

தமிழ்நாட்டின் பாதை வேறு. இங்கே நவீனக் குறுநாடகம் பெரும்பாலும் அச்சில் பிறந்து மேடையைத் தேடிப் போனது. ந. முத்துசாமியின் முதல் நாடகம் 'காலம் காலமாக', 'நடை' சிற்றிதழில் வந்தது. அவருடைய 'நாற்காலிக்காரர்' போன்ற சிறிய நாடகங்களுக்குப் பார்வையாளருக்கு முன்பே வாசகர் கிடைத்துவிட்டார். பின்னால் 1977இல் கூத்துப்பட்டறையும், 1978இல் ஞாநியின் பரீக்ஷாவும், மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. 1980இல் சென்னையருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வங்க நாடகக் கலைஞர் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கு, மேடையே இல்லாமல் நாடகம் போடலாம் என்று காட்டியது. 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வீதியில் நின்று நடித்தது. வெளி ரங்கராஜனின் 'நாடக வெளி' இதழ் 1990களில் பிரதிகளையும் விமர்சனங்களையும் அச்சிட்டு, நாடகத்தைப் பற்றிய பேச்சை உயிரோடு வைத்திருந்தது.

ஆனால் அந்தப் பேச்சு இதழின் பக்கங்களில் நடந்தது. நாடகம் பார்த்த மண்டபத்தில் நடந்தது குறைவு. சபா நாடகம் பார்ப்பவர் நல்ல வசனத்துக்கு உடனே கைதட்டுவார், அதுவே அவருடைய விமர்சனம். 2002இல் சிட்னியில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' விழா, பத்து நிமிட நாடகம் என்ற வடிவத்தை இங்கே பலருக்கு அறிமுகம் செய்தது. அதனால் பல கதவுகள் திறந்தன. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், இல்லத்தரசி, கல்லூரி மாணவர் என யாரும் ஒரு பிரதியோடு வரலாம். எந்தப் பாடத்திட்டமும் அவர்களை வழிமறிப்பதில்லை. லிஃப்டுக்குள் இரண்டு பேர் என்ற சின்ன விஷயத்தை ஒரு முழு நாடகமாக நினைக்கும் துணிச்சல் இந்தச் சூழலில்தான் முளைக்கிறது.

இந்தத் துணிச்சலுக்கு யாழ்ப்பாணத்தில் இடம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பாடமும் போட்டியும் நாடகத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. அதே வேகத்தில் அதை ஒரே அச்சில் வார்த்தும் விடுகின்றன. போன வருடம் முதலிடம் பெற்ற நாடகம் கதையை எடுத்துரைக்கும் உரைஞர் குழுவோடு தொடங்கியிருந்தால், இந்த வருடம் ஐந்து நாடகங்கள் அப்படியே தொடங்குகின்றன. கறுப்பு உடை, வட்ட அசைவு, பாட்டு, இறுதியில் உறைநிலை. இரண்டு பேர் ஒரு வாங்கில், அதாவது பெஞ்சில், உட்கார்ந்து பேசாமலே இருக்கும் நாடகம் எழுதிய மாணவி ஒருத்தியை அங்கே சந்தித்தேன். அசைவு போதாது என்று புள்ளி குறைந்ததாம். அவள் அழவில்லை. "அடுத்த முறை உரைஞரைச் சேர்க்கப் போறன் சேர்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு மனம் கனத்தது. புள்ளியிடும் தாள் அவளுடைய மௌனத்தைப் பறித்துவிட்டது.

சென்னையில் மௌனத்தை எழுத முடிகிறது, அதைக் கேட்கத் தெரிந்த காது குறைவு. யாழ்ப்பாணத்தில் கேட்கும் காது இருக்கிறது, மௌனத்தை எழுதத் தயக்கம். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது புதிய யோசனையும் அல்ல. தமிழ்நாட்டு எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியின் 'மழை'யை இலங்கையில் நெறியாளர் க. பாலேந்திரா மேடையேற்றினார். பிரதிகள் கடல் தாண்டிப் போய்வந்திருக்கின்றன. பார்க்கும் பழக்கமும் தாண்டி வர வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆறு நாடகம் போடும் மாலையில் நான்கு போடலாம். மிஞ்சும் இருபது நிமிடத்தை எழுதியவருக்கும் பார்த்தவருக்கும் கொடுக்கலாம். அங்கே "நல்லாயிருந்தது" என்ற சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணில் பட்டதைச் சொல்லலாம். எந்த இடத்தில் உங்கள் உடம்பு நாற்காலியில் முன்னால் சாய்ந்தது? எங்கே கை கைபேசியைத் தேடியது? எந்தப் பொருள் நாடகம் முடிந்தபிறகும் மனதில் நிற்கிறது? கயிறா, பாட்டிலா, காலி நாற்காலியா? புதிதாக எழுதுகிறவருக்கு நம் தீர்ப்பைவிட இந்தச் சாட்சியம்தான் பயன்படும். பத்து நிமிட நாடகத்தில் பிழையைச் சரிசெய்ய இரண்டாம் அங்கம் கிடையாது. எந்த நிமிடத்தில் பிடி தளர்ந்தது என்பதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துப் போட்டிகளிலும் ஒன்று செய்யலாம். புள்ளி இல்லாத ஒரு மாலையை வருடத்துக்கு ஒருமுறை வைக்கலாம். உரைஞர் இல்லாத, பாட்டு இல்லாத, வாங்கில் இருவர் உட்கார்ந்திருக்கும் நாடகங்களுக்கான மாலை.

வலிகாமத்து நாடகத்தை இன்னொரு முறை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதே கயிறு, அதே அடுப்படி, அதே வட்டக் கிணறு. இம்முறை கிணற்றருகே ஓர் உயரமான மாணவன் ஆடுகாலாக நின்றான். அவன் தோளில் ஒரு நீண்ட மூங்கில். தாய் எட்டிப் பார்க்கவில்லை. கையை உயர்த்திக் கொடியைப் பற்றி இழுத்தாள். மூங்கில் மெல்லத் தாழ்ந்தது, மெல்ல உயர்ந்தது. மேடையில் இருந்த மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து தொண்டைக்குள் அந்தக் கிறீச்சொலியை எழுப்பினார்கள். வீடு இல்லாத காணியில் ஒரு விடியற்காலை கேட்டது. என் பக்கத்தில் இருந்த பெண்மணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

சென்னை திரும்பியதும் லிஃப்ட் நாடகம் எழுதியவரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். கடன்பட்டிருந்த பதிலைச் சொன்னேன். ஐந்து நிமிடம் எங்களைச் சிரிக்கப் பழக்கினீர்கள். தண்ணீர் கேட்பதற்கு முன் அந்தப் பழக்கம் உடைய ஓர் இடம் வேண்டும். அவன் முதன்முறை கேட்பது அந்த அம்மாளுக்குக் கேட்காமல் போகட்டும். இரண்டாவது முறை கேட்கும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் உடனே எழுதிக்கொண்டார். பிறகு வலிகாமத்து முதியவரைப் பற்றிச் சொன்னேன்.

"துலான்னா என்ன சார்?" என்று கேட்டார்.

"நம்ம ஊர் ஏற்றம் மாதிரிதான்" என்றேன். அவர் ஏற்றத்தையும் பார்த்ததில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, ஆடுகாலையும் குறுக்கே கிடக்கும் மரத்தையும் கொடியையும் நான் வரைந்து காட்டினேன். அந்தக் காகிதத்தை மடித்துத் தன் பிரதிக்குள் வைத்துக்கொண்டார்.