காப்பாற்ற வேண்டியது அச்சுத்தண்டை

கனடாவின் ஒன்டாரியோவில் தயாராகும் ஆர்கோ வண்டி, சேற்றிலும் ஓடும், ஏரியிலும் மிதக்கும். ஆறு சக்கரமானாலும் எட்டுச் சக்கரமானாலும் எல்லாவற்றுக்கும் செயின் வழியாகவே விசை போகிறது. தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டி என்பதால், வருடங்கள் போகப் போக, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் அச்சுத்தண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். இரும்பு துருவானால் பழைய கனஅளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வீங்கும். நூலிழை இடைவெளிக்குள் வீங்கிய அந்தத் துருதான் ஆப்பாக இறுகி நிற்கிறது.

ஒட்டிய ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் முறைகளை, எது சீக்கிரம் முடியும் என்று பார்த்தே பலரும் தரம் பிரிக்கிறார்கள். அந்த அளவுகோலே தவறு. ஸ்ப்ராக்கெட் தேய்ந்தால் மாற்றிவிடும் பொருள். தண்டுக்கும் பேரிங்குக்கும் என்ன ஆகிறது என்பதை வைத்தே எந்த முறையையும் எடைபோட வேண்டும்.

சம்மட்டி இந்தச் சோதனையில் முதலிலேயே தோற்கிறது. தண்டின் முனையில் விழும் அடி அதைக் காளான் தலைபோல் விரித்துவிடும். பிறகு ஸ்ப்ராக்கெட் மட்டுமல்ல, பேரிங்கும் வெளியே வராது. அடியின் அதிர்ச்சி பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் பதிக்கும். அந்தச் சேதம் அன்று தெரியாது, வண்டி ஓடும்போது இரைச்சலாகத் தெரியும்.

துரு இளக்கும் எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வேண்டியது நேரம். தெளித்துப் பத்து நிமிடத்தில் அடிப்பவர் எண்ணெயை வீணாக்குகிறார். இரவு முழுவதும் ஊறவிட வேண்டும், அதுவும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய பிறகு. அப்படிச் சுரண்டும்போதுதான் துருவுக்கடியில் ஒளிந்திருக்கும் செட் ஸ்க்ரூவோ லாக்கோ கண்ணில் படும். ஒட்டிக்கொண்டது என்று நினைத்தது, உண்மையில் பூட்டியே இருக்கலாம்.

அடுத்தது புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி. அதை ஸ்ப்ராக்கெட்டின் பல்லிலோ தகட்டிலோ மாட்டினால் தகடு வளையும். தண்டைச் சுற்றியுள்ள நடுக்குமிழைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் காத்திருந்தால், சில சமயம் யாரும் தொடாமலே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பிடி விட்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் சூடு. 30 மி.மீ. துளையுள்ள இரும்பு 200 டிகிரி கூடினால் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும், மெல்லிய தாளின் தடிமன்தான், ஆனாலும் அது போதும். தண்டும் சேர்ந்து சூடாகிவிட்டால் அந்த லாபம் போய்விடும். ஆகவே மிதமான தீயில் வெகுநேரம் காட்டுவது பயனற்றது. குமிழை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். ஆர்கோவின் உடல் பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே பெட்ரோலும் இருக்கிறது. தண்டை வெளியே எடுக்க முடியாவிட்டால் நெருப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் ஊறிய இடத்தைத் துடைக்காமல் தீ காட்டவும் கூடாது.

அப்போது மிஞ்சுவது வெட்டுவது. பலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தண்டையும் குமிழையும் சேர்த்துச் சுழலவைக்கும் உலோகத் துண்டான சாவி வைத்த தண்டானால், சாவிக்கு நேர் மேலே கிரைண்டரால் கீறலாம். தவறினாலும் காயம் சாவியில்தான் படும். கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்து உளியால் பிளந்தால் குமிழ் வாய் திறந்துவிடும்.

என் தீர்ப்பு இது: முதலில் எண்ணெயும் புல்லரும், தண்டு வெளியே வந்திருந்தால் மட்டும் சூடு, ஸ்ப்ராக்கெட் எப்படியும் தேய்ந்ததாக இருந்தால் தயங்காமல் கிரைண்டர். சம்மட்டிக்கு இதில் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. புதியதை மாட்டும் முன் தண்டைச் சுத்தம் செய்து, துரு பிடிக்காமல் காக்கும் பேஸ்டைத் தடவிவிடுங்கள்.