'கோ டூ' கட்டளையும் ஒரு தலைப்பும்

கணினி நிரல்களில் 'கோ டூ' என்றொரு கட்டளை உண்டு. ஆணைகளின் வரிசையை விட்டு, பெயரிட்டுக் குறித்த வேறோரிடத்திற்குச் செல்க என்பது அதன் பொருள். இதனைக் கையாளுதல் இழுக்கு என்று நிரல் பயில்வோர்க்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஏன் இழுக்கு என வினவினால், பெரியோர் விலக்கினர் என்பதே பலர் தரும் விடை. அப்பெரியோர் எழுதியதைப் படித்தவர் சிலரே.

டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1968 மார்ச்சில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் திங்களிதழில் வெளியிட்ட மடல் இரண்டு பக்கத்திற்கு மேற்படாதது. 'கோ டூ கட்டளைக்கு எதிரான வழக்கு' என்பதே அவர் இட்ட தலைப்பு. பதிப்பாசிரியர் நிக்லவுஸ் விர்த் அதனை மாற்றி, அக்கட்டளை தீங்கெனக் கருதப்படுவது என்னும் பொருளில் வேறொன்று சூட்டினார். வழக்கென்றால் எதிர்வழக்கிற்கும் இடமுண்டு. தீர்ப்பில் அவ்விடம் இல்லை. மடல் மறக்கப்பட்டது, தலைப்பு நின்றது.

மடலின் கருத்தோ நுண்ணியது. ஏட்டில் நிற்கும் நிரல் ஒன்று. இயங்குங்கால் காலத்தில் விரியும் செயல் மற்றொன்று. நிற்பதை அறிவதில் மனித அறிவு வல்லது. ஓடுவதை மனத்தில் வைத்துக் காண்பதில் மெலிது. ஆதலின் செயல் இப்போது எங்கே இருக்கிறதென ஏட்டில் எளிதாகச் சுட்ட இயலவேண்டும். கட்டுப்பாடற்ற தாவல் அதனைக் குலைக்கிறது. தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. யாற்றுநீர்ப் பொருள்கோளாக ஒழுகும் செய்யுளை மாணவன் தானே படித்துக்கொள்வான்; பல அடிகளிற் கிடக்கும் சொற்களைக் கொண்டுகூட்ட வேண்டியதற்கு உரையாசிரியர் துணை வேண்டும். ஆயினும் நன்னூல் கொண்டுகூட்டை விலக்கவில்லை.

தாவலின்றியே எந்நிரலையும் எழுதலாம் என 1966இல் போம், யாக்கோப்பினி இருவரும் நிறுவியிருந்தனர். அவ்வாறு இயந்திரம்போல் மாற்றி எழுதுவதால் தெளிவு கூடாது என்று டைக்ஸ்ட்ராவே எச்சரிக்கிறார். ஆபத்தில் வெளியேறும் வழிக்கு மட்டும் இக்கட்டளையை வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையொன்றைப் படித்த நினைவையும் குறிக்கிறார். முழக்கமிடுவோர் இரண்டையும் விட்டுவிட்டனர். விளைவு, ஒரு 'கோ டூ'வைத் தவிர்க்க மூன்று அடையாள மாறிகளைப் புகுத்தி, முன்னினும் மயங்கவைக்கும் நிரலை மாணவன் எழுதிப் பாராட்டும் பெறுகிறான்.

ஆபத்தில் வெளியேறும் அவ்வழியே, சி மொழியில் அமைந்த லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது. ஒரு செயற்கூறு நினைவகத்தில் இடம் பெறுகிறது; பின் ஒரு பூட்டைப் பற்றுகிறது; பின் ஒரு கருவியைத் திறக்க முயல்கிறது. திறப்பது தவறினால் முன்னிரண்டையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். தவறக்கூடிய இடந்தோறும் அவ்வாணைகளை எழுதினால் கூறியது கூறல் என்னும் குற்றமாம். அது நடைக்குற்றமாக மட்டும் நில்லாது. பின்னாளில் வேறொருவர் இன்னொன்றைச் சேர்த்து, இரண்டிடத்தில் திருத்தி, மூன்றாமிடத்தை மறப்பார், பூட்டு விடுபடாது, அடுத்து அதனை நாடும் செயல் அசையாது நிற்கும். எனவே விடுவிக்கும் ஆணைகளை இறுதியில் ஒருமுறையே எழுதி, 'கோ டூ' வழியே அங்குச் செல்கின்றனர். லினக்ஸ் எழுத்துநடை விதிகளும் இதற்கு இடமளிக்கின்றன. தாவல் கீழ்நோக்கியது, சேருமிடத்தின் பெயரே அங்கு நிகழ்வதை உணர்த்துகிறது. டைக்ஸ்ட்ரா வேண்டிய தெளிவு இங்கே கெடவில்லை.

2014இல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் 'கோ டூ ஃபெயில்' என்னும் வரி அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றிருந்தது வெளிப்பட்டது. நிபந்தனைக்குள் அடங்கியதுபோல் கண்ணுக்குத் தோன்றிய இரண்டாம் வரி உண்மையில் வெளியே நின்று, கையொப்பச் சோதனையை நிகழவொட்டாது செய்தது. பழி கட்டளையின்மேல் விழுந்தது. அவ்விடத்தில் 'ரிட்டர்ன்' இருந்திருந்தாலும் சோதனை நிகழ்ந்திராது!

நடுவுநிலையான ஆய்வு வேண்டுவோர் 1974இல் டொனால்ட் கனூத் எழுதிய கட்டுரையை நாடுக. நாற்பது பக்கம் என்பது சற்று மிகையே. எனினும் கட்டளையை நீக்கத்தக்க இடத்தையும் புகுத்தத்தக்க இடத்தையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். பின்வந்த ஜாவா மொழி 'கோ டூ' என்னும் சொல்லையே எவரும் ஆளாதபடி ஒதுக்கிவைத்தது. ஆயின் பெயரிட்ட சுழற்சியிலிருந்து ஒரே தாவலில் வெளியேற 'பிரேக்' என்னும் கட்டளையைத் தந்துள்ளது.