லாஃப்டில் புரொஜெக்டர், சுவரில் ஓட்டை

ஹால் சீலிங்கில் தொங்கும் புரொஜெக்டர் கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு நம் வீடுகளிலேயே ஒரு மறைவிடம் உண்டு: பக்கத்து படுக்கையறையின் லாஃப்ட். இடைச்சுவரில் ஓர் ஓட்டை போட்டால் போதும், தியேட்டரின் ஆபரேட்டர் ரூம் வீட்டுக்குள் வந்துவிடும். எப்சன் டிடபிள்யூ7100 புரொஜெக்டரை இப்படி வைத்துப் படம் பார்த்து வருகிறேன். கருவியைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். படத்தின் தரத்தில் இந்த ஓட்டைக்கும் பங்குண்டு, அதை எழுதத்தான் ஆளில்லை.

இந்த மாடல் லாஃப்டுக்குப் பொருந்த முக்கியக் காரணம் லென்ஸ் ஷிஃப்ட். கருவியைச் சாய்க்காமலே படத்தை மேலும் கீழும் 60 சதவீதம் வரை நகர்த்தலாம். 100 அங்குலத் திரையில் படம் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். லென்ஸ் படத்தின் மேல் விளிம்பைவிட 12 செ.மீ. உயரத்தில் இருந்தாலும் படம் கோணாது. ஏழடி உயர லாஃப்டிலிருந்து பார்த்தால் திரை சோபாவுக்குச் சரியான மட்டத்தில் வந்து நிற்கும். ஷிஃப்ட் இல்லாத மலிவுக் கருவிகளில் கீஸ்டோனை வைத்துச் சமாளிக்க வேண்டும். அது படத்தைச் சுருக்கி, கூர்மையையும் தின்றுவிடும். அவற்றுக்காகச் சுவரை உடைக்காதீர்கள்.

ஓட்டை எவ்வளவு பெரிது? என் வீட்டில் லென்ஸுக்கும் திரைக்கும் 4.4 மீட்டர். அப்படியானால் ஒளி ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அகலம் விரிகிறது. நாலரை அங்குலச் சுவர், பூச்சு, லென்ஸுக்கு முன்னால் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 24 செ.மீ. என்றால் ஹால் பக்கத்தில் சுமார் 18 செ.மீ. அகலம் தேவை. உயரம்தான் சிக்கல். கொத்தனாரிடம் விட்டால் லென்ஸுக்கு நேராக நடுமையம் பிடித்து வெட்டிவிடுவார். ஆனால் ஒளி கீழ்நோக்கிப் போகிறது. லென்ஸ் மையத்துக்கு மேலே 3 செ.மீ. போதும், கீழே 10 செ.மீ.க்கு மேல் வேண்டும். கருவியை லாஃப்டின் தளத்திலேயே வைத்தால் ஒளியின் கீழ் விளிம்பு கான்கிரீட்டில் இடிக்கும். லின்டலில் கை வைக்கவும் கூடாது. அதனால் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பிளைவுட் மேடை போட்டுக் கருவியைத் தூக்கிவிட்டேன்.

வெட்டுவதற்குச் சுத்தியலும் உளியும் வேண்டாம், பூச்சு அகலமாகப் பெயர்ந்துவிடும். டயமண்ட் பிளேடு போட்ட கட்டரால் இரண்டு பக்கமும் கோடு போட்டு அறுப்பது நல்லது. அதற்கு முன் சுவருக்குள் ஒயரிங் பைப் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹால் பக்க விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி, மூலைகளில் கார்னர் பீட் வைத்து, பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். பட்டித் தூள் அடங்கும்வரை புரொஜெக்டர் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆசாரிகளுக்கு ஓர் ஆசை உண்டு: ஓட்டையைச் சுற்றித் தேக்கு பீடிங் அடித்து பாலிஷ் போடுவது. பகலில் அழகுதான். இருட்டுக் காட்சி வந்தால் அந்தப் பளபளப்புதான் முதலில் தெரியும். உள்சுவர் முழுக்க மேட் கறுப்பு அடியுங்கள். எனாமல் கறுப்பு கூடாது, சாய்வாக விழும் ஒளியில் அது மின்னும். ஹால் பக்கம் சுவரின் நிறமே போதும்.

கண்ணாடி தேவையா? தியேட்டரில் இருக்கிறதே என்பார்கள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் ஓடிய காலத்தில் அந்த ஜன்னல்களுக்குத் தீத்தடுப்பு மூடியே இருந்தது. நமக்கு அந்தப் பயமில்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் அளவுக்கு ஒளியைத் திருப்பிவிடும், இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8. போதாததற்கு லேசான பச்சைச் சாயல் வேறு. போட்டே ஆக வேண்டுமென்றால் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் கோட்டிங் உள்ள கண்ணாடியை வாங்கி, திரும்பும் ஒளி லென்ஸுக்குள் போகாதபடி சில டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். ஃபோட்டோ ஃபிரேம் கடையில் கூச்சம் தராது என்று கொடுக்கும் சொரசொரப்புக் கண்ணாடி வேறு ரகம், படத்தை மங்கலாக்கிவிடும். நான் கண்ணாடியே போடவில்லை. ஹாலில் விசிறிச் சத்தம் கேட்பதில்லை.

அந்தச் சத்தம் முழுவதும் படுக்கையறைக்குப் போய்விட்டது, 250 வாட் விளக்கின் சூட்டோடு. லாஃப்டுக்குக் கதவு போட்டிருந்தால் படம் ஓடும்போது திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் லூவர் வைத்த கதவாக மாற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றவும் விளக்கை மாற்றவும் கை நுழைய இடம் விடுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை ஒல்லியான ஒயரிங் பைப்பில் நுழையாது, அகலமான பைப்பாகப் போடச் சொல்லுங்கள்.

சொந்த வீடு, செங்கல் சுவர், லாஃப்ட் உள்ள அறையில் சீக்கிரம் தூங்குபவர் யாருமில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். சுவரையே கான்கிரீட்டில் வார்த்த மிவான் அடுக்ககங்களில் வேண்டாம். அங்கே ஒவ்வொரு சுவரும் கட்டடத்தின் சுமையைத் தாங்குகிறது. அங்கே இருப்பவர்கள் திரைக்கு அடியிலேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டரைப் பார்க்கலாம்.