யுங்கின் ஆளுமை வகைகளும் ஒருதலைச் சிந்தனையும்

சுவிற்சர்லாந்து உளமருத்துவர் கால் குஸ்தாவ் யுங் 1921 ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்னும் நூல் பெரும்பாலும் அதன் பத்தாம் அத்தியாயத்தாலேயே அறியப்படுகின்றது. மாந்தரை அகமுகத்தார், புறமுகத்தார் என இருபாலாக்கி, சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு என்னும் நான்கு தொழிற்பாடுகளோடு உறழ்ந்து, ஆங்கு அவர் எட்டு வகை காட்டினார்.

இவ்வெட்டினையும் மனனஞ் செய்து அமைவார் நூலின் உயிர்நிலையைக் காணத் தவறுவர். எவ்வகையும் எல்லை கடக்குமிடத்து நோயாகும் என்பது யுங்கின் கருத்து. புறமுகச் சிந்தனையாளனைப் பற்றிய பகுதி இதற்குச் சிறந்த சான்று. அத்தகையோன் ஒரு கோட்பாட்டினை வகுத்து, அதற்கே தன்னையும் தன் சுற்றத்தாரையும் கீழ்ப்படுத்துகின்றான். அதற்கு இணங்குவது நன்று, இணங்காதது தீது. ஒடுக்கப்பட்ட உணர்ச்சியோ அழிந்தொழிவதில்லை. சிறுமையாகவும் ஐயுறவாகவும் வெளிப்படுகின்றது. கோட்பாட்டை மறுத்தவனைத் தன் பகைவனாகவே அவன் கொள்வான். தன் கொள்கையை நிலைநாட்டும் ஆர்வத்தாற் சான்றுகளையே திரித்துவிடும் விஞ்ஞானியையும் யுங் இங்குச் சுட்டுகின்றார். வாதத்தில் வெல்வதையே கல்வியெனக் கருதுவோர் (விவாத மேடைகளில் இவர் அரியரல்லர்) இப்பக்கங்களை நெஞ்சு துணுக்குறாது படித்தல் இயலாது.

இந்நிலையினின்று மீள்வது எங்ஙனம்? 'உணர்ச்சி கொள்க' என்று அவனுக்கு நேரே உபதேசித்தல் பயன்தராது. அத்தொழிற்பாடே அவனிடத்து மிகத் தாழ்ந்து நனவிலியுள் அமிழ்ந்து கிடப்பது. முதன்மைத் தொழிற்பாட்டிற்குத் துணையாய் நிற்கும் புலனுணர்வையோ உள்ளுணர்வையோ முதலில் வளர்த்து, அதன் வழியே உணர்ச்சியை அணுகவேண்டும் என்பர் யுங். கொள்கை பேசுவோன் முதற்கண் எதிரிலிருப்பவனின் முகத்தையும் குரலையும் கவனிக்கப் பழகுக என்று இதனை நாம் விளக்கிக் கொள்ளலாம்.

கொள்கையிற் குறையும் உண்டு. ஒருவனிடத்து அவன் வகைக்கு மாறான குணம் தோன்றின், அது நனவிலியின் செயல் என விடை கூறப்படுகின்றது. அங்ஙனமாயின் இக்கொள்கையைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்றுதான் யாது? தொழிற்பாடுகள் நான்கே என்பதும் யுங் தம் அனுபவத்தாற் கொண்டது, சோதனையால் நிறுவப்பட்டதன்று.

பின்னர் அமெரிக்காவிலே காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் இதனை வினாப்பத்திரமாக்கி, வகைகளைப் பதினாறாகப் பெருக்கினர். அதன் கைந்நூல் 1962 இல் வெளிவந்தது. அகமுகமும் புறமுகமும் ஓர் அளவுகோலின் இரு முனைகளாயிருக்க, நடுவே கோடு கிழித்து மக்களைப் பிரித்தமையால், கோட்டின் அருகே நிற்போர் மறுமுறை விடையளிக்கையில் வேறு வகையினராகிவிடுதல் உண்டு. இதனினும் தீயது, 'என் வகை இது. ஆதலின் என்னிடம் இன்சொல் எதிர்பாரற்க' என்று ஒருவன் தன் குறையிலே அமைதி காண்பது. மாந்தருக்கு இங்ஙனம் பெயரொட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று 1934 இல் எழுதிய முன்னுரையொன்றிலே யுங் கடிந்தார். எனினும் அவரும் ஓரளவு பொறுப்பாளரே. வகைகளை வருணிக்கப் பல பக்கங்களைச் செலவிட்டவர், துணைத் தொழிற்பாட்டின் வழி மீளும் முறையை அத்தியாயத்தின் இறுதியிலே சில பந்திகளில் முடித்துவிட்டார்.